அக்கா கற்றுக்கொடுத்த கேட்கும் முறை

1961ஆம் ஆண்டு ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் செவன்த் அவென்யூவில் படியிறங்கிச் செல்ல வேண்டிய வில்லேஜ் வேன்கார்ட் என்னும் சிறிய நிலவறை அரங்கில், ஜாஸ் பியானோ கலைஞர் பில் எவன்ஸ் தன் மூவர் குழுவோடு பிற்பகலில் இரண்டும் இரவில் மூன்றுமாக ஐந்து அமர்வுகள் வாசித்தார். டபுள் பேஸ் என்னும் பெரிய, தாழ்ந்த ஒலி கொண்ட தந்திக் கருவியில் ஸ்காட் லஃபாரோ. டிரம்ஸ் பால் மோஷியன். ரிவர்சைடு இசைத்தட்டு நிறுவனத்தின் தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் அன்று வாசிக்கப்பட்டதை நாடாவில் பதிவு செய்துகொண்டிருந்தார். வந்தவர்கள் எல்லோரும் இசைக்காகவே வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. கண்ணாடிக் கோப்பைகள் உரசுகின்றன, யாரோ பேசுகிறார்கள், மென்மையான ஓர் இடத்தில் ஒருவர் உரக்கச் சிரிக்கிறார். முதல் பாடலின் முதல் பதிவிலேயே மின்சாரம் தடைபட்டு, இசையின் ஒரு துண்டு நாடாவில் விழாமலே போயிருக்கிறது. இதற்குப் பதினோரு நாட்களுக்குப் பிறகு, ஜூலை 6 அன்று, நியூயார்க் மாநிலத்தில் நடந்த கார் விபத்தில் லஃபாரோ இறந்துபோனார். அவருக்கு வயது 25.

இறப்புக்குப் பின் அந்த நாளின் பதிவுகளிலிருந்து முதல் இசைத்தட்டைத் தொகுத்தபோது, அவருடைய வாசிப்பு துலங்கும் பாடல்களையே தேர்ந்தெடுத்தார்கள். அவர் இயற்றிய ‘குளோரியாஸ் ஸ்டெப்’ தொடக்கத்திலும் ‘ஜேட் விஷன்ஸ்’ இறுதியிலும் இடம்பெற்றன. ஆகவே வெளிவந்த நாள் முதலே அது ஓர் அஞ்சலியாகத்தான் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. அதைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு சுரத்திலும் ஒரு பிரிவின் சாயலைக் கண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாடாவில் இருப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முப்பதைத் தாண்டாத அல்லது சற்றே தாண்டிய மூன்று இளைஞர்கள், அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வாசிக்கப்போகிறோம் என்ற எண்ணத்தில், ஒருவர் சொல்வதை மற்றவர் காதுகொடுத்துக் கேட்டு, சில இடங்களில் ஒருவரை ஒருவர் மடக்கி, சில இடங்களில் வேண்டுமென்றே வழிவிட்டு வாசிக்கிறார்கள். துயரம் அங்கே இல்லை. அதை நாம்தான் பின்னாலிருந்து கொண்டுபோய் வைக்கிறோம்.

என் அக்கா இறந்த பிறகு இந்த வேறுபாடு எனக்கு மிக முக்கியமானதாகிவிட்டது. இசை விமரிசனத்தில் ஒரு நுணுக்கம் என்ற அளவில் இருந்தது, வீட்டுக்குள் ஒரு மனிதரை எப்படி நினைவில் வைத்திருப்பது என்ற கேள்வியாக மாறிப்போனது.

ஜாஸ் எங்கள் வீட்டுக்கு அக்காவின் மூலம்தான் வந்தது. அவளுக்கு அது சிற்றலை வானொலியின் மூலம் வந்தது. அமெரிக்க அரசு வெளிநாடுகளுக்காக நடத்திய வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா நிலையத்தில் வில்லிஸ் கோனோவர் என்பவர் 1955 முதல் 1996இல் தான் இறக்கும்வரை ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலத்தை வேற்று மொழியாகக் கற்றவர்களும் பின்தொடரும்படி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடம் விட்டு, ஆழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுவார். அந்த நிலையம் அமெரிக்காவுக்கு உள்ளே ஒலிபரப்பக் கூடாது என்று சட்டம் இருந்ததால், உலகெங்கும் கோடிக்கணக்கானோர் அறிந்திருந்த அந்தக் குரலை அவருடைய சொந்த நாட்டில் அறிந்தவர்கள் மிகக் குறைவு. நிகழ்ச்சியின் முகப்பிசை டியூக் எலிங்டன் குழுவின் ‘டேக் தி ஏ டிரெயின்’. அந்தப் பித்தளைக் கருவிகளின் முழக்கம் இரைச்சலுக்கு நடுவே மேலெழுந்து வந்தால் வீட்டில் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது அக்காவின் சட்டம். வானொலிக்குப் பக்கத்தில் டேப்ரெக்கார்டரை வைத்து, அறையின் காற்றின் வழியாகவே பதிவு செய்வாள். கம்பியை இணைத்துப் பதிவு செய்யும் வசதி எங்களிடம் இருக்கவில்லை.

அம்மாவுக்கு அந்தச் சட்டம் செல்லுபடியாகவில்லை. அக்காவின் ஒலிநாடாக்களில் ஒன்றில், ஒரு நீண்ட சாக்ஸபோன் வாசிப்பின் உச்சத்தில், அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்கிறது: “இவங்க எப்பதான் பாட ஆரம்பிப்பாங்க?” அதைத் தொடர்ந்து அக்கா “உஷ்” என்கிறாள். அதற்குப் பிறகு சிற்றலைக்கே உரிய அலையடிப்பில் சாக்ஸபோன் சற்று நேரம் அமிழ்ந்து மீண்டும் வருகிறது. வாசித்தவர் யாரென்று அட்டையில் எழுதப்படவில்லை. டெக்ஸ்டர் கார்டன் என்பது என் கணிப்பு; அவர் இல்லவே இல்லை என்று அக்கா உறுதியாகச் சொல்லிவந்தாள்.

அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தது பெயர்களையும் ஆண்டுகளையும் அல்ல. அவை பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டவை. அவள் கற்றுக்கொடுத்தது கேட்கும் முறை. ஒரு பாடலை முதல் முறை கேட்கும்போது மெட்டை மட்டும் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் 32 அளவுகள் (தாளச் சுற்றுகள்) கொண்ட அந்த மெட்டு ஒருமுறை முழுதாக வாசிக்கப்பட்ட பின், அதன் சுரக்கூட்டுகளின் (ஒருசேர ஒலிக்கும் சுரங்களின்) வரிசை மட்டும் அடியில் திரும்பத் திரும்பச் சுழன்றுகொண்டே இருக்க, அதன் மேல் ஒவ்வொருவரும் தத்தம் மனோதர்மத்தை விரிக்கிறார்கள் என்பதை உணர வேண்டும். இரண்டாம் முறை பேஸை மட்டும் பின்தொடர வேண்டும். மூன்றாம் முறை டிரம்ஸ். முன்னால் நின்று தனி வாசிப்பவரை விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் ஜாஸ் கேட்பது என்பாள். “வாசிக்கிறவனை யார் வேணாலும் கேப்பாங்கடா. அவனை யார் கேக்குறாங்கன்னு பாரு.” இந்த ஒரு வரியைக் காட்டிலும் பயனுள்ள எதையும் ஜாஸ் பற்றிய எந்த நூலிலும் நான் படித்ததில்லை.

இவ்வளவு சொல்லிக்கொடுத்தவளோடு எனக்கு ரசனையில் ஒத்துப்போகவே இல்லை. நான் எவன்ஸின் பக்கம் சாய்ந்தேன். அவளுக்கு எவன்ஸ் தூக்கம் வரவழைப்பவர். அவளுடைய நாயகன் டிரம்பெட் கலைஞர் கிளிஃபோர்ட் பிரவுன். வேகமும் தெளிவும் கொண்ட, ஒவ்வொரு சுரத்தையும் நுனியிலிருந்து அடிவரை முழுமையாக ஊதும், கேட்பவரை நிமிர்ந்து உட்காரவைக்கும் வாசிப்பு அவருடையது. 1954இல் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சோடு அவர் பதிவு செய்த ‘ஜாய் ஸ்பிரிங்’ அக்காவுக்கு எல்லாவற்றுக்கும் மருந்து. சோகத்தைக் காட்டி மனத்தைத் தொடுவது எளிது, மகிழ்ச்சியைச் சலிக்காமல் வாசிப்பதுதான் கடினம் என்பது அவள் வாதம். மெதுவாக வாசிப்பதில் தவறுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை என்பது என் வாதம். வளர்ந்து, தனித்தனி வீடுகளுக்குப் போய், பிள்ளைகள் பிறந்த பிறகும் இந்த வழக்கு முடியவில்லை. அத்தான் இசையில் அக்கறை இல்லாதவர். ஆனால் நாங்கள் சண்டையிடுவதைக் கேட்பதில் அவருக்கு அலாதியான விருப்பம் இருந்தது; ஓய்ந்துபோனால் ஒரு பெயரைச் சொல்லிக் கிளப்பிவிடுவார்.

அவளுடைய நோயைப் பற்றி இங்கே விரிவாக எழுதப்போவதில்லை. அது நீண்டது, கடைசி மாதங்களில் அவளுக்கு இசை கேட்கவே பிடிக்கவில்லை. மரணப் படுக்கையில் விருப்பமான பாடலைக் கேட்டபடி கண்மூடினாள் என்று எழுத முடிந்தால் எழுதுபவனுக்கு வசதியாக இருக்கும். அவள் அமைதியாக இருக்கும்படி கேட்டாள், நாங்கள் அமைதியாக இருந்தோம்.

பிறகு நண்பர்கள் எனக்குப் பாடல்களை அனுப்பத் தொடங்கினார்கள். ஜாஸ் கேட்பவன் என்று தெரிந்திருந்ததால் பெரும்பாலும் சோகமான ஜாஸ். அன்பினால் செய்யப்பட்டது என்பதால் நன்றி சொன்னேன், பலவற்றைக் கேட்கவில்லை. சிலர் நியூ ஆர்லியன்ஸ் நகரின் இறுதி ஊர்வலங்களை எடுத்துக்காட்டி ஆறுதல் சொன்னார்கள். அந்த மரபு எனக்குத் தெரியும். கல்லறைக்குச் செல்லும் வழியில் பித்தளை வாத்தியக் குழு, டிரம்ஸின் ஒலியை மழுங்கச் செய்து, மிக மெதுவாகத் துதிப்பாடல்களை வாசித்துச் செல்லும். உடலுக்கு விடைகொடுத்த பின் டிரம்ஸ் முழங்க, துள்ளலான பாடல்களோடு ஊர்வலம் திரும்பும். வழியில் சேர்ந்துகொள்ளும் மக்கள் குழுவின் பின்னால் ஆடிக்கொண்டு வருவார்கள். அடிமைமுறையின் நினைவும் பரஸ்பர உதவிச் சங்கங்களின் அரவணைப்பும் சேர்ந்து உருவாக்கிய மகத்தான வழக்கம் அது. ஆனால் அதை ‘துக்கத்தைக் கொண்டாட்டமாக மாற்றுவது’ என்று சுருக்கி, தனியறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு மருந்தாகப் பரிந்துரைப்பது சரியல்ல. அந்தத் துள்ளலைச் சுமப்பது பாடல் மட்டும் இல்லை, தெரு முழுக்கத் திரண்டு வரும் மனிதர்கள். அவர்கள் இல்லாமல் அதே பாடலைக் கேட்டால் வெறும் உற்சாகமான பாடல்தான் மிஞ்சுகிறது.

ஜாஸில் நேரடியான அஞ்சலிகளுக்குப் பஞ்சமில்லை. அக்காவின் கிளிஃபோர்ட் பிரவுனே 1956 ஜூன் 26 அன்று, 25 வயதில், பென்சில்வேனியா நெடுஞ்சாலையில் கார் விபத்தில் இறந்தவர். அதே காரில் இருந்த குழுவின் பியானோ கலைஞர் ரிச்சி பவலும் அவருடைய மனைவியும் உடன் இறந்தார்கள். லஃபாரோவின் வயதும் அதுதான், முடிவும் அப்படித்தான் என்பதை அக்காவும் நானும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம்; எங்கள் இரு கட்சிகளுக்கும் ஆளுக்கொரு இருபத்தைந்து வயது இழப்பு இருந்தது. பிரவுனுக்காக அவருடைய நண்பர் பென்னி கோல்சன் ‘ஐ ரிமெம்பர் கிளிஃபோர்ட்’ என்ற பாடலை இயற்றினார். 1957இல் லீ மார்கன் என்ற பதின்ம வயது டிரம்பெட் கலைஞர் அதை வாசித்திருப்பதைக் கேட்டால், இவ்வளவு இளம் வயதில் ஒருவருக்கு இவ்வளவு அடக்கம் எப்படி வாய்த்தது என்று வியப்பு ஏற்படுகிறது. 1959 மார்ச்சில் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் இறந்தபோது, அவர் வழக்கமாக அணிந்த தொப்பியின் பெயரால் பேஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் ஒரு பாடலை இயற்றி, இரண்டு மாதங்களுக்குள் பதிவும் செய்துவிட்டார். டியூக் எலிங்டன் 1935இல் தன் தாயை இழந்தபோது எழுதிய ‘ரெமினிஸிங் இன் டெம்போ’ அன்றைய இசைத்தட்டுகளில் நான்கு பக்கங்களை நிரப்பியது. ஒரு பக்கத்தில் ஒரு பாடல் என்று மூன்று நிமிடங்களுக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டியிருந்த காலத்தில் அது பெரும் துணிச்சல். அன்றைய விமரிசகர்களில் சிலருக்கு அது பிடிக்கவும் இல்லை.

இவை எல்லாமே உயர்ந்த படைப்புகள். இருந்தும் அக்கா போன பிறகு நான் இவற்றிடம் போகவில்லை. இவை வேறொருவரின் இழப்பை நன்றாகச் செதுக்கி முடித்து வைத்திருப்பவை. அதில் என் இழப்பைப் பொருத்திக்கொள்ள முயன்றபோது, இரவல் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல் இருந்தது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. எலிங்டனோடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இணைந்து இசையமைத்தவர் பில்லி ஸ்ட்ரேஹார்ன். கோனோவரின் நிகழ்ச்சியில் எங்கள் வீட்டுக்குள் இரைச்சலோடு நுழைந்த ‘டேக் தி ஏ டிரெயின்’ அவர் இயற்றியதுதான். உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1967 மே மாத இறுதியில் 51 வயதில் இறந்தார். மருத்துவமனையில் இருந்தபடியே எழுதிய அவருடைய கடைசிப் படைப்புக்கு ‘பிளட் கவுண்ட்’ என்று பெயர். அதே ஆண்டில் எலிங்டன் தன் குழுவோடு ஸ்ட்ரேஹார்னின் பாடல்களை மட்டுமே கொண்ட ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்தார். ‘பிளட் கவுண்ட்’ பாடலில் ஜானி ஹாட்ஜஸின் சாக்ஸபோன் புகழ்பெற்றது, அந்தப் புகழுக்கு முற்றிலும் தகுதியானது. ஆனால் நான் சொல்ல வந்தது அதன் இறுதியில் உள்ள ‘லோட்டஸ் பிளாசம்’. பதிவு முடிந்து கலைஞர்கள் கருவிகளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேச்சும் சலசலப்பும் கேட்கின்றன. எலிங்டன் பியானோவை விட்டு எழுந்திருக்காமல், தான் வாசிக்கக் கேட்பதில் ஸ்ட்ரேஹார்னுக்கு மிகவும் பிடித்திருந்த அந்தப் பாடலைத் தனியாக வாசிக்கத் தொடங்குகிறார். நாடா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. வேலை முடிந்த மனிதர்களின் இயல்பான குரல்கள் அப்படியே தொடர்கின்றன. போகப் போக அறை அடங்குகிறது. எழுதித் திட்டமிட்ட அஞ்சலிகளைவிட இது என்னைத் தொடுவதற்குக் காரணம், இதில் அவர் உலகத்துக்கு எதையும் அறிவிக்கவில்லை. இறந்தவருக்குப் பிடித்ததை, அவர் இருந்திருந்தால் எப்படி வாசித்திருப்பாரோ அப்படி, அவர் இல்லாத அறையில் வாசித்துக்கொண்டிருக்கிறார். குழுவினர் பேசிக்கொண்டிருந்ததைப் பற்றிக் குறைபட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். பேச்சில்லாமல் அந்தப் பதிவு இருந்திருந்தால் எனக்கு அது பாதிகூட ஆகியிருக்காது.

நான் சொல்ல நினைப்பது இதுதான்: இறந்தவர்களுக்காகச் செய்யப்பட்ட இசையைக் காட்டிலும், அவர்கள் உயிரோடு இருந்தபோது அவர்களுக்காகவோ அவர்களோடு சேர்ந்தோ செய்யப்பட்ட இசையில்தான் அவர்கள் அதிகம் இருக்கிறார்கள். பியானோ கலைஞர் ஹொரேஸ் சில்வரின் ‘சாங் ஃபார் மை ஃபாதர்’ உலகெங்கும் நினைவுக் கூட்டங்களில் ஒலிப்பதுண்டு. ஆனால் 1964இல் அது பதிவானபோது, கேப் வெர்டே தீவுகளிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அந்தத் தந்தை உயிரோடுதான் இருந்தார். தொப்பியும் சுருட்டுமாக இசைத்தட்டின் அட்டையில் உட்கார்ந்திருப்பவர் அவரேதான். பாடலில் எங்கும் இரங்கல் இல்லை. அப்பா வீட்டில் விரும்பி வாசித்த இசையின் தாளத்தைப் பிரேசில் பயணத்தில் கேட்ட தாளத்தோடு கலந்து, மகன் அவருக்கு ஆடுவதற்கு ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறார். பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க், மனைவி நெல்லி நோயுற்று மருத்துவமனையில் இருந்த 1957இல் எழுதிய ‘கிரெபஸ்கூல் வித் நெல்லி’ இன்னொன்று. எதையும் கலைத்துப் போட்டு மறுபடி கட்டுவதையே தொழிலாகக் கொண்ட மங்க், அந்த ஒரு பாடலில் மட்டும் மனோதர்மத்துக்கு இடமே வைக்கவில்லை. எழுதியதை எழுதியபடியே வாசித்துவிட்டு முடித்துவிடுவார். நெல்லி குணமானார், கணவருக்குப் பிறகும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அக்கா மருத்துவமனையில் இருந்த நாட்களில் நான் அதிகம் கேட்டது அந்தச் சின்னஞ்சிறு பாடலைத்தான்.

எவன்ஸிடமே இதற்கு மிகக் கூர்மையான சான்று இருக்கிறது. அவருடைய அண்ணன் ஹாரி இசை ஆசிரியர். தம்பிக்குச் சிறு வயதிலிருந்தே முன்மாதிரி. 1979இல் ஹாரி தற்கொலை செய்துகொண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் எவன்ஸ் பதிவு செய்த இசைத்தட்டின் தலைப்பே ‘வீ வில் மீட் அகெய்ன்’. அதை முடித்துவைக்கும் அதே பெயர் கொண்ட பாடலை எவன்ஸ் தனியாகப் பியானோவில் வாசிக்கிறார். அதைக் கேட்கும் எவரும் அண்ணனின் மரணத்துக்குப் பின் எழுதப்பட்டது என்றே நினைப்பார்கள். ஆனால் அந்தப் பாடல் 1977 ஆகஸ்டிலேயே, ‘ஹாரிக்காக’ என்ற குறிப்போடு, வேறோர் இசைத்தட்டுக்காகப் பதிவாகிவிட்டது. அப்போது ஹாரி இருந்தார். மெட்டு மாறவில்லை. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, முதலாவது ஓர் அண்ணனிடம் நேராகப் பேசுவதுபோல் இயல்பாகவும், இரண்டாவது சற்றுத் தயங்கியும் நகர்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் என் கற்பனை எவ்வளவு என்று அக்கா கேட்டிருப்பாள். கேட்கட்டும். எவன்ஸ் 1980 செப்டம்பர் 15 அன்று, 51 வயதில், அண்ணன் போன அடுத்த ஆண்டே இறந்தார்.

லஃபாரோ இறந்த பிறகு எவன்ஸ் சில மாதங்கள் மேடையேறவில்லை. பின்னர் சக் இஸ்ரேல்ஸ், எடி கோமெஸ், மார்க் ஜான்சன் எனச் சிறந்த பேஸ் கலைஞர்கள் அவரோடு வாசித்தார்கள்; யாரையும் குறைத்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் 1961இல் நடந்த அந்த வகை உரையாடல் பிறகு நடக்கவில்லை. அதுவரை பேஸ் கலைஞரின் வேலை, அளவுக்கு நான்கு சுரம் என்று அடித்தளத்தில் சீராக நடந்துகொண்டிருப்பது. லஃபாரோ நடக்க மறுத்தார். பியானோ ஒரு வாக்கியத்தைச் சொல்லி மூச்சு விடுமுன் குறுக்கிட்டார், எதிர்த்தார், சொன்னதையே திருப்பிப் போட்டுக் காட்டினார். அக்காவை இழந்ததில் எனக்கு நேர்ந்தது ஏறத்தாழ அதுவே. எனக்குத் துணை நிற்பவர்கள் இன்னமும் பலர் இருக்கிறார்கள்; குறுக்கிட்டு மறுப்பவள்தான் இல்லை. என் ரசனையில் பாதி, அவளை மறுத்துப் பேசுவதற்காக உருவாக்கப்பட்டது. எவன்ஸைப் பற்றி நான் திரட்டிவைத்திருக்கும் கருத்துகள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட எதிர்வாதத்தை எதிர்பார்த்துக் கூர்தீட்டப்பட்டவை. இப்போது அவற்றை யாரிடம் சொன்னாலும் மரியாதையாகத் தலையசைக்கிறார்கள். அதைப் போல் சோர்வு தருவது வேறில்லை.

அந்த ஜூன் ஞாயிற்றுக்கிழமை ‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ இரண்டு முறை வாசிக்கப்பட்டது. இரண்டுமே நம்மிடம் இருக்கின்றன. எது சரியானது என்ற கேள்விக்கு ஜாஸில் பொருளில்லை; அதே சுரக்கூட்டுகள், அதே மூவர், அதே நாள், இருந்தும் இரண்டும் வேறு. அக்காவைப் பற்றிய எங்கள் குடும்பக் கதைகளும் அப்படித்தான் ஆகிவிட்டன. அவள் பதிவு செய்துகொண்டிருந்தபோது நான் வானொலியின் குமிழைத் திருகிவிட்டதாக ஒரு கதை உண்டு. அம்மா சொல்லும்போது அக்கா அழுதாள். அத்தான், தான் அக்காவிடம் கேட்டறிந்த வகையில் சொல்லும்போது, அவள் என் தலையில் குட்டினாள். என் நினைவில் அவள் எதுவும் செய்யவில்லை, ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்ததைத் தவிர. இவற்றை ஒத்துப்பார்த்து ஒன்றாக்க வேண்டும் என்ற ஆவல் முன்பு இருந்தது. இப்போது இல்லை.

‘வால்ட்ஸ் ஃபார் டெபி’ எவன்ஸ் தன் அண்ணன் ஹாரியின் மகளுக்காக எழுதியது. 1956இல் தன் முதல் இசைத்தட்டிலேயே அதைத் தனியாக, ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாக வாசித்திருக்கிறார். அதற்குப் பின் வாழ்நாள் முழுவதும் வாசித்தார். அண்ணன் மகளுக்கு எழுதிய அந்தப் பாடலை, அண்ணன் போன பிறகும் மேடைகளில் வாசித்திருக்கிறார். எனக்கும் அக்கா மகள் ஒருத்தி இருக்கிறாள். இந்தப் பொருத்தத்தில் மயங்கி அந்தப் பாடலை அவளிடம் கேட்கக் கொடுத்தேன். முன்னுரை எதுவும் சொல்லவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு, “நல்லாருக்கு மாமா. ஆனா இதுல பியானோவைவிடப் பின்னாடி இருக்கிறவர்தான் நல்லா வாசிக்கிறார்” என்றாள். அவளுக்கு யாரும் அப்படிக் கேட்கக் கற்றுக்கொடுக்கவில்லை என்றுதான் இருவரும் நினைத்திருந்தோம். அவளுடைய அம்மா சமையலறையிலும் காரிலும் எதையாவது ஓடவிட்டபடி, ‘டிரம்ஸை மட்டும் கேள்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது பிறகு அவளுக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது அவள்தான் அந்த ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். பழைய நாடாக்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன; சிலவற்றின் உறையைத் திருகாணி கழற்றிப் புதிய உறைக்குள் மாற்ற வேண்டியிருக்கிறது. சில நாடாக்களில் காந்தப்பூச்சு உதிர்ந்து, ஓட்டியவுடன் கருவியின் முனையில் அழுக்காகப் படிகிறது. சிற்றலை இரைச்சலைக் குறைக்க அவள் ஒரு மென்பொருளைப் பயன்படுத்துகிறாள். அது இரைச்சலை மட்டுமின்றி அறையில் கேட்கும் மற்ற ஒலிகளையும் தேடி நீக்கும் அளவுக்குத் திறமையானதாக இருக்கிறது. அம்மாவின் கேள்வியும் அக்காவின் அதட்டலும் இல்லாத ஒரு வடிவத்தை எனக்கு அனுப்பிவைத்தாள். சாக்ஸபோன் இப்போது உண்மையில் மிக நன்றாகக் கேட்கிறது. டெக்ஸ்டர் கார்டன் என்ற என் கணிப்பைக் கைவிட வேண்டும்போலிருக்கிறது. நான் இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும் என்றேன். இசையைக் கேட்பதற்காகத்தானே அம்மா பதிவு செய்தார், பேச்சைக் கேட்பதற்காகவா என்று அவள் கேட்டாள். வழக்கு என் அம்மாவிடம் போனது. அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, “என் சத்தம் அதுல எதுக்கு, எடுத்துடுங்க” என்று தன் பேத்தியின் பக்கம் சாய்ந்துவிட்டார். அதோடு, இவர்கள் கடைசிவரை பாடவே இல்லையே என்றும் சொன்னார். இரண்டு கோப்புகளையும் வைத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. எதற்கு முதல் எண் கொடுப்பது என்பதில் அக்கா மகளுக்கும் எனக்கும் இன்னும் சண்டை நடக்கிறது; அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்.